காபூலில் ஒரு சம்பந்த விசாரிப்பு

எர்லாங்கன்
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அத்தானின் சீனி வருத்தம் எந்த மட்டில்? நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். குளிர்தான் போகமாட்டேன் என்று நிற்கிறது.

ரெலிபோன் எடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் காது மந்தமான நாளிலிருந்து நான் சொல்வதை அத்தான் பக்கத்தில் நின்று உரத்துத் திருப்பிச் சொல்கிறார். உங்கள் கீழ்வீட்டு ஜேர்மன்காரனுக்கும் எங்கள் குடும்பக் கதை பாதி தெரிந்திருக்கும். இந்தக் கதை கடிதத்தில்தான் வரவேண்டும்.

எங்கள் மகன் சேயோன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். பெயர் மர்ஸியா. ஆப்கான் பிள்ளை, சின்ன வயதிலேயே இங்கே வந்தவள், மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறாள். தாய்க்காரி சுபானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளை பேசாமல் குசினிக்குள் போய், கிடந்த கோப்பைகளை எல்லாம் கழுவிவிட்டு, சேயோன் சொல்லிக் கொடுத்த தமிழில், "அன்ரி, இந்தக் கறிக்கு என்ன போட்டனீங்கள்?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். கதவு திறந்தது. பிறகு நடந்ததெல்லாம் சமையல் கதை.

சமயத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் நல்ல சண்டை நடந்து, கோயிலும் இல்லை பள்ளிவாசலும் இல்லை, பதிவுக் கலியாண எழுத்து மட்டும் என்று முடிந்திருக்கிறது. ஆனால் தகப்பன் ஓம் சொல்லாமல் எழுத்து இல்லை என்று மர்ஸியா சொல்லிவிட்டாள். தாய் இல்லாத பிள்ளை, தகப்பன்தான் வளர்த்தார்.

போன ஞாயிறு அவரைப் பார்க்க ஃபூர்த் போனோம். ஏவாஸ் அலி என்று பெயர், தரைக்கு மாபிள் பதிக்கிற வேலை. அவர்கள் ஹசாரா என்ற சனமாம், அங்கே சிறுபான்மை. இப்போது ஆளுகிற தலிபான்காரரில் பெரும்பாலானோர் பஷ்தூன் சனம். ஹசாராக்களின் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் குண்டு வெடித்த கதைகளைச் சொன்னார். எனக்கு எல்லாம் கேட்டுப் பழகின கதை போலவே இருந்தது. அவருடைய அண்ணன் யூனுஸ் இன்னும் காபூலில்தான், மேற்குப் பக்கத்தில் இருக்கிறாராம். தெருப் பெயர்கூடச் சொன்னார்.

ஓம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போது பை நிறையப் பாதாம் கட்டித் தந்தார். எனக்குச் சந்தோஷம், அக்கா. மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் பதிலைத் தபால்பெட்டியில் தேடிக்கொண்டிருக்கும்,
தம்பி ஆனந்தராசா


ஸ்டுட்கார்ட்
20.02.2024

அன்பின் தம்பிக்கு,

முழங்கால் ஏறும்போது பேசாமல் இருக்கிறது, இறங்கும்போது திட்டுகிறது. அத்தான் களவாக லட்டு தின்கிறார். மற்றப்படி சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மருமகன் விரும்பிவிட்டான், பிள்ளையும் நல்ல பிள்ளை போலத் தெரிகிறது. ஆப்கான் என்றதும் நெஞ்சு ஒருக்கால் திக் என்றது உண்மை. பரவாயில்லை, இந்த வயதில் நெஞ்சுக்கும் கொஞ்சம் வேலை வேண்டாமா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். விசாரித்தாயா? பாதாம் தந்தால் போதுமா? எந்த ஊர், என்ன ஆட்கள், அக்கம்பக்கத்தில் என்ன பெயர், அண்ணன் வீட்டில் யார் யார், யார் வந்து போகிறவர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உனக்குச் சுபானியைப் பேசினபோது பெரியம்மா அவளுடைய ஊர்ச் சந்தைக்குப் போய் மீன்காரியிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தா. "சண்டைக்காரர், ஆனா மனசு சுத்தம்" என்று அந்த மனுசி சொன்னதில் இன்றுவரைக்கும் ஒரு பிழை இருக்கிறதா? விசாரிக்காமல் சம்பந்தம் செய்தார்கள் என்ற பெயர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். அந்த நாட்டு ஆள் ஒருவனைப் பிடித்துக் கேள்.

சுபானிக்கு என் அன்பு. வாசித்தபின் இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாமல் வை.

அக்கா
இராஜேஸ்வரி


எர்லாங்கன்
09.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானிடமிருந்து லட்டைப் பறித்துவிட்டீர்களா? எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கடிதத்தைச் சுபானி கண்டுபிடித்துவிட்டாள். அந்த மீன்காரி இன்னும் உயிரோடு இருக்கிறாவா என்று கேட்கச் சொன்னாள்.

நீங்கள் சொன்ன காரியம் நடக்கிறது. பார்சல் பிரிக்கிற இடத்தில் என்னோடு தோர்யாலை என்று ஒரு ஆப்கான் பெடியன் வேலை செய்கிறான். தங்கமான பிள்ளை. எனக்கு நாரி பிடித்து நிமிர முடியாவிட்டால் பாரமான பெட்டியெல்லாம் அவன் பக்கம் போய்விடும். அவனிடம் கேட்டேன். முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அண்ணை, அது அவையின்ரை பக்கம். நாங்கள் அங்கை போறேல்லை" என்றான். (ஜேர்மன் மொழியில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்.) நானும் விடவில்லை. "ஒரே நாடு, ஒரே பட்டணம், ஒருக்கால் கேட்டுப் பாரன்" என்று நின்றேன். மூத்த ஆள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத பெடியன். அவனுடைய பெரியப்பா மகன் காபூலில் டாக்ஸி ஓடுகிறானாம். தெருப் பெயரையும் யூனுஸின் பெயரையும், நீங்கள் எழுதிய கேள்விகளையும் அப்படியே கொடுத்துவிட்டேன்.

பெரியம்மா இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பா.

உங்கள் சொல் தட்டாத,
ஆனந்தராசா


ஸ்டுட்கார்ட்
02.04.2024

அன்பின் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், அத்தான் உட்பட. மரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. எங்கள் பல்கனி மல்லிகை மட்டும் இன்னும் யோசிக்கிறது.

என்ன பதில் வந்தது? நல்ல சனமாமா? எழுத்துக்கு எந்த மாதம் யோசிக்கிறீர்கள்? நான் சேலை எடுக்க வேண்டும், ஆதலால் கெதியில் எழுது. பிள்ளைக்குக் கூறையும் நான்தான் எடுப்பேன். எழுத்து மட்டும் என்றாலும் வெறும் சட்டையோடு நிற்கவிட மாட்டேன்.

அவசரத்தோடு,
அக்கா


எர்லாங்கன்
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் இருக்கிறோம்.

தோட்டத்துண்டில் இந்த முறை லீக்ஸ் வைத்தேன். போன வருடம் வைத்தது மெலிந்து போனது, அதற்கு மண்தான் காரணம் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். நான் நினைக்கிறேன் தண்ணீர் என்று. கத்தரி நாற்று இன்னும் வெளியே வைக்கவில்லை, பனி விழலாம். வெந்தயக் கீரை முளைத்துவிட்டது. ஒரு காகம் வந்து கிண்டுகிறது, அதற்கு ஒரு சிடியைக் கட்டித் தொங்கவிட்டேன். காகம் அதில் முகம் பார்க்கிறது.

வேலை வழமைபோல.

தம்பி
ஆனந்தராசா


ஸ்டுட்கார்ட்
28.04.2024

தம்பி,

நான் சுகம். உன் லீக்ஸும் சுகம் என்று அறிந்தேன்.

காகத்துக்கு நாலு வரி, பிள்ளைக்கு ஒரு வரி இல்லை. சேயோனின் பெயர் இல்லை, மர்ஸியாவின் பெயர் இல்லை, சுபானிகூட இல்லை. ராசன், நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டால்தான் இப்படிச் சம்பந்தமில்லாமல் கதைத்துக்கொண்டு வருவாய்.

எதை உடைத்தாய்?

அக்கா


எர்லாங்கன்
05.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க முகமில்லை. அந்த விசாரிக்கிற என்ற சொல்லே இப்போது கசக்கிறது.

தோர்யாலை பஷ்தூன். அவன் அங்கே போவதில்லை என்று சொன்னதன் அர்த்தம் அதுதான். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. அவனுடைய பெரியப்பா மகன், தாடியும் தலைப்பாகையும், பஷ்தோ பேச்சும். அந்த டாக்ஸிக்காரன் பாவம், நான் கேட்டதைத்தான் போய்க் கேட்டிருக்கிறான். ஹசாராத் தெருவில் நின்று, யூனுஸின் வீடு எது, தம்பி ஜேர்மனியிலாமே, வீட்டில் பெண்பிள்ளைகள் எத்தனை, யார் யார் வந்து போகிறார்கள் என்று கடைக்காரனிடமும் அயலிலும் கேட்டுவிட்டு, யூனுஸ் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறான். அந்த ஊரில் இன்றைக்கு அந்தக் கேள்விகளை யார் கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னும் இருக்கிறது. யூனுஸின் மனைவி முன்பு பள்ளிக்கூட ஆசிரியை. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று தலிபான்காரர் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபிறகு, அந்த மனுசி தன் வீட்டுப் பின்னறையில் அயல் பிள்ளைகளுக்குக் களவாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாவாம். ஏவாஸ் அலி இதை எங்களிடம் சொல்லியிருக்கவில்லை, ஏன் சொல்லவேண்டும்? அன்றைக்கே புத்தகங்களை மாப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு வீட்டோடு எங்கேயோ போய்விட்டார்கள். ரெலிபோனும் வேலை செய்யவில்லை. ஏவாஸ் அலி இங்கே நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார். இப்போது தொடர்பு கிடைத்துவிட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். வகுப்பு நின்றுவிட்டது.

சேயோன் இரவுச் சாப்பாட்டில் இந்தக் கதையைச் சொன்னான். "ஆரோ ஒருத்தன் ஜேர்மனியைப் பற்றியும் கேட்டவனாம், அப்பா." சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். நான்தான் என்று சொன்னேன். பிள்ளை கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களுக்குமோ அப்பா இது விளங்கேல்லை?" என்று மெல்லக் கேட்டுவிட்டு எழும்பிப் போனான். இப்போது சிநேகிதன் வீட்டில் நிற்கிறான். மர்ஸியா என் ரெலிபோனை எடுப்பதில்லை. தகப்பன் ஓம் சொல்வார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஆனந்தராசா


ஸ்டுட்கார்ட்
12.05.2024

என் அன்பின் ராசனுக்கு,

சாப்பிடுகிறாயா? முதலில் சாப்பிடு. சுபானியிடம் நான் சொன்னதாகச் சொல்லி ரசம் வைக்கச் சொல்.

அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தது நான். அதில் பாதி என் தலையில் கிடக்கட்டும். நாங்கள் வந்த புதிதில் அகதி முகாமுக்கு மொழிபெயர்க்க என்று ஒரு சிங்கள மனுசனைக் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கும் அது இலங்கை, எங்களுக்கும் இலங்கை, ஜேர்மன்காரருக்கு அவ்வளவுதான் தெரியும். எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன என்று அவர் கேட்கக் கேட்க நீ வாயே திறக்கவில்லை. இதெல்லாம் பட்ட நாங்களே இன்னொருவன் நாட்டை ஒரே நாடு என்று நினைத்துவிட்டோம். வெட்கமாக இருக்கிறது.

கடிதம் எழுதாதே, ரெலிபோன் எடுக்காதே. நேரே போ. வாசலில் நின்று சொல். உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிட்டு வா. முருகன் கோயிலில் உனக்கும் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். பெயர் நட்சத்திரம் கேட்டார் ஐயர். "நட்சத்திரம் தெரியாது, காபூல்" என்றேன். அவரும் செய்தார்.

உன்னோடு நிற்கும்,
அக்கா


எர்லாங்கன்
16.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அர்ச்சனையோ ரசமோ, இப்போது சாப்பாடு இறங்குகிறது. உங்களுக்கும் அத்தானுக்கும் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

போனேன். தனியாகப் போக நினைத்தேன், தோர்யாலை விடவில்லை. "நீங்கள் கேட்டியள், நான் காபூலுக்குச் சொல்லிவிட்டன். எனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்க வேணும். நானும் வாறன்" என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

ஏவாஸ் அலி கதவைத் திறந்து அவனைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. ஆனாலும் உள்ளே வரச் சொல்லி இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விசாரிக்கிறது எங்கள் வழக்கம், அதை எங்கே செய்யக்கூடாது என்று யோசிக்கவில்லை, என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு தோர்யாலை அவருடைய மொழியில் நெடுநேரம் கதைத்துவிட்டு எனக்கும் ஜேர்மனில் சொன்னான். பழைய அரசாங்கத்தின் பட்டாளத்தில் இருந்த அவனுடைய தமையனைத் தலிபான்காரர் கொண்டுபோனார்களாம். இன்னும் ஒரு செய்தியும் இல்லை. என்னோடு இவ்வளவு காலம் பெட்டி தூக்கியவன் இதைச் சொன்னதே இல்லை, அக்கா.

ஏவாஸ் அலி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் பெடியனிலை எனக்குக் கோபமில்லை. வந்திருக்கிறான், என்ரை தேத்தண்ணியைக் குடிச்சிருக்கிறான். ஆனா என்ரை அண்ணி இவனைக் காணேல்லை. அவ கண்டது தலைப்பாகையைத்தான்."

மர்ஸியாவின் கதையை எடுத்தேன். "எனக்குக் கொஞ்சக் காலம் தாங்கோ" என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை பாதாம் இல்லை.

சேயோன் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் போய்வந்ததைக் கேட்டபின் வந்தான். பிள்ளை இரவில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். என்னால் பார்க்க ஏலாமல் இருக்கிறது.

ஆனந்தராசா


ஸ்டுட்கார்ட்
18.08.2024

அன்பின் தம்பிக்கு,

நலம் பிறகு எழுதுகிறேன். முதலில் இதை வாசி.

நேற்று மல்லாகத்திலிருந்து சின்னக்கா சிவசக்தி எடுத்தாள். குரலே சரியில்லை. ஒரு ஆள் மோட்டார்சைக்கிளில் கேற்றடியில் வந்து நின்றானாம். ஒட்ட வெட்டின தலைமயிர், மினுக்கின சேட்டு, கொச்சைத் தமிழ். "ஜேர்மனி ஆனந்தராசா வீடு இதுவா? அவர் எப்படி ஆள்? மகன் என்ன வேலை? குடிப்பாரா? யார் யார் வந்து போறது?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டானாம். சிங்கள ஆள், சிஐடிக்காரன் போலவே. சிவசக்தி தனிய இருக்கிறவள், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? "அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தம்பியே இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். விறாந்தைச் சுவரில் உன் கலியாணப் படம் இந்தப் பெரிசில் தொங்குகிறது! கேற்றைப் பூட்டிவிட்டு மச்சாள் வீட்டில் போய் இருக்கிறாள்.

நீ முகநூலில் ஏதாவது எழுதினாயா? யாருக்காவது கையெழுத்து வைத்தாயா? இத்தனை வருடத்துக்குப் பிறகு உன்னைத் தேடி யார் வருவான்? டிசம்பரில் ஊருக்குப் போகிற எண்ணத்தை விடு. உடனே பதில் எழுது. இல்லை, ரெலிபோனே எடு, அத்தான் கத்தினாலும் பரவாயில்லை.

கலக்கத்தோடு,
அக்கா


எர்லாங்கன்
25.08.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

ரெலிபோனில் நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. "என்ன, அழுகிறானோ?" என்று அத்தான் கேட்டது எனக்கே கேட்டது. ஆறுதலாக எழுதுகிறேன். எல்லோரும் சுகம், மிகவும் சுகம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஏவாஸ் அலி மர்ஸியாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முகம் வெளுத்து இருந்தேன். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"உங்களைப் பற்றி நானும் விசாரிச்சனான். அது உங்கட வழக்கம் எண்டு நீங்கள்தானே சொன்னியள். நல்ல வழக்கமாத்தான் இருக்கு. ஆனா உங்கட ஊரிலை உங்களை ஒருத்தருக்கும் தெரியாதாம்."

ஆரிடம் கேட்டீர்கள் என்றேன். அவர் வேலை செய்கிற கட்டடத்தில் நிமல் என்று ஒருவர் பெயின்ற் அடிக்கிறாராம், இலங்கை ஆள், மிக நல்லவர். அவருடைய மச்சான் யாழ்ப்பாணத்தில் றோட்டுப் போடுகிற வேலையில் நிற்கிறாராம். அந்த மச்சான்தான் லீவு நாளில் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போய் விசாரித்தது.

"நீங்கள் ஏன் சிங்கள ஆளிட்டைக் கேட்டனீங்கள்?" என்றேன்.

"ஏன், அவர் உங்கட நாடுதானே?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது மர்ஸியா. பிறகு சுபானி குசினிக்குள்ளிருந்து. பிறகு ஏவாஸ் அலி தலையில் கைவைத்துக்கொண்டு அவர் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார், கண்ணால் தண்ணீர் ஓடும்வரைக்கும் நிறுத்தவில்லை. நானும் அப்படித்தான்.

சின்னக்காவின் பதிலை முழுக்கச் சொன்னேன், சுவரில் தொங்கிய படத்தையும் சேர்த்து. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "டாக்ஸிக்காரன் கதவைத் தட்டினபோது என்ரை அண்ணியும் இதைத்தான் சொன்னவ. ஜேர்மனியிலை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை, அப்பிடி ஒரு ஆளை எங்களுக்குத் தெரியாது எண்டு. என்னைத்தான் சொன்னவ" என்றார். மர்ஸியாவைப் பார்த்தார். "இந்த ரண்டு மனுசியளும் சொந்தக்காரர் இல்லை எண்டால் வேறை ஆர் சொந்தக்காரர்? ஓம், எழுத்தை வையுங்கோ" என்றார்.

சேயோன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாயைப் போலத்தான் பிள்ளையும்.

நவம்பரில் எழுத்து. தோர்யாலையையும் கூப்பிட வேண்டும் என்று சொன்னவர் ஏவாஸ் அலி, நான் இல்லை. அண்ணியின் வகுப்பு திரும்பத் தொடங்கிவிட்டதாம். எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் கூறை எடுங்கோ, பிள்ளை சிவப்புத்தான் கேட்கிறாள். அத்தோடு சின்னக்காவைக் கேற்றைத் திறந்து வீட்டுக்குப் போகச் சொல்லுங்கோ. கலியாணத்துக்கு அவ கட்டாயம் வரவேண்டும், கடிதாசி எல்லாம் நான் அனுப்புகிறேன். விசாவுக்குக் கொழும்புக்குப் போனால் ஜேர்மனியில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அங்கே கேட்பார்கள். பயப்பட வேண்டாம், இந்த ஒருமுறை எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ.

சம்பந்தி வீட்டுப் பாதாமைத் தின்றுகொண்டே எழுதும்,
உங்கள் தம்பி
ஆனந்தராசா